உன் முழுக்கைச் சட்டையை நான் தைக்கப்போவதில்லை

தம்பி, நீ அனுப்பிய அளவு வந்து சேர்ந்தது. தோள் பதினெட்டு, மார்பு நாற்பது, உயரம் இருபத்தொன்பது, காலர் பதினைந்தரை. எல்லாம் சரியாகத்தான் எடுத்திருக்கிறாய், தையற்காரி மகன் அல்லவா. கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "கை இருபத்தஞ்சு. அரை இஞ்ச் கூட இருந்தாலும் பரவால்ல. வெளிர் கலர். கஃப் இறுக்கமா வை." உன் கல்யாணச் சட்டைகளுக்கு முன்னால் அளவு பார்க்க ஒரே ஒரு சட்டை தைத்து, விடுமுறை முடிந்து சனிக்கிழமை ஷார்ஜா திரும்பும் எதிர்வீட்டு மணியிடம் கொடுத்தனுப்பச் சொன்னாய். துணி மேஜை மேல் இரண்டு நாளாகக் கிடக்கிறது. கத்தரிக்கோலை எடுக்கிறேன், வைக்கிறேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், வாசலைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். நேற்று ஒருத்தியின் ஜாக்கெட்டுக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்து, முழுவதையும் பிரித்தேன். முப்பது வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். குரல் பதிவாக அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதனால் அளவு நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து எழுதுகிறேன்.

அந்தக் கடைசி வரி உன்னுடையது இல்லை. அது உன் அப்பாவுடையது. நீளக் கை, வெளிர் நிறம், இறுக்கமான கஃப் என்று இருபத்தேழு வருஷம் என்னிடம் அவர் கேட்டது இதைத்தான். நீ இதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க முடியாது, ஏனென்றால் அவர் இதை உன் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே மாதிரி மறைக்க வேண்டியவர்களுக்கு ஒரே மாதிரிதான் தோன்றும் போலிருக்கிறது. படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் முழங்கையில் வந்திருக்கிறது. சிவப்பாகத் தடித்து, மேலே வெள்ளையாகச் செதில் செதிலாக உதிர்கிறது. வீடியோவில் நீ பேசும்போதெல்லாம், அந்த ஊர் வெயிலில், அறைக்குள்ளேயே கையைப் பொத்தான் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, ஏசி குளிர் என்றாய், நானும் நம்பினேன். நம்ப வேண்டும் என்று இருந்தால் எதையும் நம்பிவிடலாம். நான் அதில் பழகினவள்.

உன் அப்பாவின் கதையை உனக்கு நான் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது சொல்கிறேன், கோபப்படாமல் படி. கல்யாணமான மூன்றாம் நாள் அவர் சட்டையைக் கழற்றியபோது முழங்கை இரண்டிலும், முழங்காலுக்குக் கீழேயும், முதுகில் ஒரு கையகலமும் அது இருந்தது. பயந்துபோனேன். எனக்கு அப்போது வயது இருபது. "சேத்துப்புண்ணு. நாத்தங்கால்லயே கெடக்குறேன்ல, அதான்" என்றார். முழங்காலுக்குக் கீழே இருந்ததை அப்படிச் சொல்லிவிடலாம். நடவு நடுகிற ஊரில் யார் காலைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு புண் இருக்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கையில் இருப்பதைத்தான் சொல்ல முடியாது. கையில் படை கண்டால் நம் பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பெரிய வியாதியின் பெயரைச் சொல்வார்கள். தண்ணீர்ச் சொம்பைத் தனியாக வைப்பார்கள். குத்தகைக்கு நிலம் கொடுத்தவர் வேறு ஆளைப் பார்ப்பார், பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்க, எடுக்க யோசிப்பார்கள். அவர் அம்மாவே கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் மூச்சுவிடவில்லை. எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு என்ன செய்தேன் தெரியுமா? டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. மிஷினில் உட்கார்ந்து அவருக்கு ஒரு முழுக்கைச் சட்டை தைத்தேன்.

ஊரில் பெண்களுக்கு மட்டும்தான் தைப்பேன் என்று பெயர். ஆம்பளைச் சட்டை தைத்ததெல்லாம் அவருக்குத்தான். ஆனால் அந்தச் சட்டைகளில் என் மொத்த வித்தையும் இருந்தது. செதில் உதிர்ந்தால் தெரியாதபடி வெளிர் நிறம். கையைத் தூக்கினாலும் மணிக்கட்டு தாண்டாதபடி அரை அங்குலம் கூடுதல். முழங்கையில் உரசிப் புண்ணாகாமல் இருக்க உட்பக்கம் மெல்லிய பருத்தி வைத்து ஒரு அடுக்கு. நாற்றுப் பறிக்கும்போதும், வரப்பு வெட்டும்போதும், மடையில் குனிந்து தண்ணீர் திருப்பும்போதும் அவர் அந்தச் சட்டையைக் கழற்றியதில்லை, கையை மடித்ததும் இல்லை. நடவுக்கு வரும் பெண்கள் அவருக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தார்கள். "கலெக்டர் வர்றாரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடி!" என்று சேற்றில் நின்றுகொண்டே சிரிப்பார்கள். அவரும், "மனு இருந்தா குடுங்க, திங்கக்கெழம பாக்குறேன்" என்பார். நானும் கரையில் சோற்றுத்தூக்கோடு நின்று சிரித்திருக்கிறேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமை கூட. என் தையலை ஒருத்தியும் கண்டுபிடிக்கவில்லையே என்று.

உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். நீ பத்தாவதோ பதினொன்றோ படித்தாய். எல்லாரையும் வரிசையில் உட்காரவைத்து ரத்தக்கொதிப்பு பார்த்தார்கள், முழங்கை மடிப்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். உன் அப்பா முறை வந்தபோது, "சட்டைக்கு மேலேயே கட்டுங்கம்மா, எனக்கு வயலுக்கு நேரமாச்சு" என்றார். அந்த நர்ஸ் பெண் கையை மடிக்கச் சொன்னதும் எழுந்து வேகமாக வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊசி என்றால் பயம் என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. நீயும் அக்காவும் சாப்பிடும்போதெல்லாம் விரலால் அவர் தோளில் குத்தி "ஊசி, ஊசி" என்பீர்கள். அவர் பயப்படுகிற மாதிரி நடித்துத் தட்டோடு தள்ளி உட்காருவார். அவருக்கு ஊசி பயம் கிடையாது, தம்பி. ஒரு காலத்தில் நாய் கடித்தபோது வயிற்றைச் சுற்றிப் பதினாலு ஊசியை ஒரு சத்தம் போடாமல் போட்டுக்கொண்ட மனுஷர் அவர், வயிற்றில் போட்டதால் சட்டைக் கையை மடிக்கும் வேலை வரவில்லை. அந்த முகாமில் மட்டும் சட்டையை மடித்திருந்தால், பத்து வருஷம் முன்னாலேயே யாராவது ஒருவர் கேட்டிருப்பார், இது என்ன என்று.

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன், அடியோடு தீய்ந்துவிட்டது. பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்க்கும்போதே இதைக் கிழித்துப் போட்டுவிட்டு நீ கேட்டபடி சட்டையைத் தைத்து அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. ஒரு மணி நேர வேலை. உனக்கும் சந்தோஷம், எனக்கும் நிம்மதி. அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரிந்த நிம்மதி. அதனால்தான் மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த காலை அது. அறுவடை மிஷின் இரண்டாவது வயலுக்குத் திரும்பும்போது அவருக்குத் தோளில் வலி வந்திருக்கிறது. வாயு என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டு மிஷின் பின்னாலேயே நடந்திருக்கிறார். வியர்த்துக்கொட்டி வரப்பில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஆள் வந்தது. தஞ்சாவூர் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது வெயில் ஏறிவிட்டது. இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். கட்டிலில் போட்டதும் ஒரு நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து, கஃபிலிருந்து தோள் வரைக்கும், நான் தைத்த கையை ஒரே இழுப்பில் வெட்டினாள். துணி இரண்டாகப் பிரிந்து விழுந்தது, அவர் கை எல்லார் முன்னாலும் வெளியே வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போர்வையை இழுத்து அவர் கையை மூடினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறார், நான் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர்கள் பார்த்துவிடுவார்களே என்று போர்வையை இழுக்கிறேன். "அம்மா, கைய விடுங்க! நரம்பு பாக்கணும்!" என்று அந்தப் பெண் கத்தினாள். அவள் கத்தியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. இதை நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் அவர் கொஞ்சம் தெளிந்தார், பேசினார். இதய டாக்டர் ஓர் அம்மா, உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே, "கொழுப்பு அப்படியொண்ணும் கூட இல்லையே, சக்கரையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கையைப் பார்த்து நின்றார். "இது எத்தன வருஷமா இருக்கு?" உன் அப்பா வழக்கம்போல, "சேத்துப்புண்ணுங்க டாக்டர்" என்றார். "கையிலயா? நீங்க என்ன கையால நடந்தா வயலுக்குப் போறீங்க?" என்றார் அந்த அம்மா. அவர் சிரித்துவிட்டார். அந்த நிலையிலும் சிரித்தார். எத்தனை வருஷம் என்று பிறகு நான்தான் சொன்னேன்.

சோரியாசிஸ் என்று அந்த டாக்டர் சொன்னார். தொற்றாது, பெரிய வியாதியும் இல்லை, சேற்றுப்புண்ணும் இல்லை. "தோல்ல தெரியறது பாதிதாம்மா. மீதி உள்ள நடக்குது. வெளியிலேர்ந்து கிருமி வந்தா சண்ட போடறதுக்குன்னு உடம்புல சில புரதங்க இருக்கு. இவருக்கு கிருமியே வராம அது வருஷக்கணக்கா சுரந்துக்கிட்டே இருந்திருக்கு. ரத்தத்தோட எல்லா எடத்துக்கும் போவுதுல்ல? ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் வழவழன்னு ஒரு மெல்லிசு படலம் இருக்கும். அந்தப் புரதம் பட்டுப் பட்டு அது சொரசொரன்னு ஒட்டற மாதிரி ஆயிடும். அப்ப வெள்ளணுக்கள் அதுல ஒட்டிக்கும், சுவருக்குள்ள நுழையும், கூடவே கொழுப்பும் போய்த் தங்கும். கொழுப்பு கொஞ்சமா இருந்தாலும் போதும், உள்ள போக வழி தெறந்திருக்குல்ல? சுவருக்குள்ள ஒரு கட்டி மாதிரி வளரும். ஒருநாள் அதோட மேல்மூடி கிழியும், அந்த எடத்துல ரத்தம் ஒறஞ்சு அடச்சிக்கும்" என்றார். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். நான் அதுவரை மாரடைப்பு என்றால் குழாயில் ஏதோ எண்ணெய்ப்பிசுக்கு அடைத்துக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். குழாயின் சுவரே புண்ணாகிக் கிடக்கும் என்று தெரியாது.

"ஜாக்கெட்டு லைனிங் மாதிரிங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை, சொன்னேன். பட்டு ஜாக்கெட்டில் மேல்துணி புதுசாகவே இருக்கும், உள்ளே வியர்வை பட்டுப் பட்டு லைனிங்தான் முதலில் நைந்துபோகும். போட்டிருக்கிறவளுக்கே தெரியாது. ஒருநாள் கையைத் தூக்கும்போது படக்கென்று விடும், என்னிடம் வந்து சண்டை போடுவாள். முப்பது வருஷமாக இதை வாடிக்கைக்காரிகளிடம் சொல்லி, உள்ளே திருப்பிக் காட்டி, வாயடைத்திருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தருக்கு மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. டாக்டர், "ஆமாம்மா, கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். இதனால்தான் வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். இல்லை என்றார். சோரியாசிஸ் இருக்கிற எல்லாருக்கும் மாரடைப்பு வருவதில்லை, இவருக்குப் பீடியும் இருந்தது, ரத்தக்கொதிப்பு இருந்ததா என்று யாரும் சரியாகப் பார்த்ததே இல்லை. "ஆனா இதுவும் சேந்து வேல பாத்திருக்கும். முன்னாடியே வந்திருந்தா தோலுக்கும் மருந்து குடுத்திருக்கலாம், கொதிப்பையும் பாத்திருக்கலாம்" என்றார். அந்த 'இதுவும் சேந்து' என்ற இரண்டு வார்த்தையைத்தான் மூன்று வருஷமாகப் பிடித்துக்கொண்டு நான் சுற்றுகிறேன். முழுக்க என் தப்பு என்றால் அழுது தீர்த்துவிடுவேன். இல்லவே இல்லை என்றால் விட்டுவிடுவேன். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் அவர் கட்டிலுக்கடியில் கிடந்த சட்டையை எடுத்துக் காட்டச் சொன்னார். வெட்டின கையைத் தடவிப் பார்த்தார். "நல்ல சட்டைய வெட்டிப்புட்டாங்களே" என்றார். பிறகு, "நீ தச்சதெல்லாம் நல்லாத்தான் தச்சே. நாந்தான் கழட்டியிருக்கணும்" என்றார். மூன்றாம் நாள் காலையில் காப்பி கேட்டார். வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ விமானம் பிடித்து வந்தாய், அழுதாய், மாரடைப்பு என்று சொன்னேன், நம்பினாய். மீதியைச் சொல்லாததற்குக் காரணம் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அக்காவுக்கு அப்போது மன்னார்குடியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். பரம்பரையில் வரும் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். அந்த வார்த்தை மன்னார்குடி போய்விடக்கூடாது என்று நினைத்தேன். உன் அப்பாவைப் பறிகொடுத்த அதே வாரத்தில், அவரைக் கொண்டுபோன அதே வேலையை மறுபடி செய்தேன். உனக்குக் கல்லூரி நாளில் தலையில் திட்டுத்திட்டாக வந்ததே, பொடுகு என்று நானே பெயர் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேனே, அது என்னவென்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை. திட்ட வேண்டுமென்றால் திட்டு.

இவ்வளவும் சொல்லாமலே செத்துப்போயிருப்பேனோ என்னவோ, பவித்ரா வந்திருக்காவிட்டால். போன வாரம் உன் வருங்காலப் பெண்டாட்டி அவள் அம்மாவோடு பாபநாசத்தில் பஸ் இறங்கி, கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். கழுத்து எவ்வளவு இறக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே டேப்பை வைத்தேன். முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, உள்ளங்கை அளவு வெந்த தழும்பு. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முதுகு பார்த்தாயிற்று. ஆனால் என் கை நின்றதை அவள் கவனித்துவிட்டாள். "சின்ன வயசுல வெந்நி கொட்டிடுச்சு அத்த. அவங்ககிட்ட மொத தடவ பேசும்போதே சொல்லிட்டேன். பின்னாடி தெரிஞ்சு சங்கடப்படக் கூடாதுல்ல?" என்றாள். "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு விஷயமேயில்லன்னாங்க. நீங்க கழுத்த எவ்ளோ வேணா எறக்குங்க அத்த, எனக்கு ஒண்ணுமில்ல" என்று சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் பிள்ளை நல்லவன் என்று. மறுநாள் உன் அளவு வந்தது. அவள் தழும்பு ஒரு விஷயமே இல்லை என்று சொன்ன வாய், உன் கையைப் பற்றி ஏன் திறக்கவில்லை? அவளுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருப்பாள். அவளுக்கு இருக்கிற தைரியத்தில் காலே அரைக்கால் உனக்கு இல்லையா? அந்தப் பெண்ணையும் என்னைப் போல மூன்றாம் நாள் திகைக்கவிடப் போகிறாயா? அப்புறம் அவளும் உனக்காகக் கஃபை இறுக்கித் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஆகவே துணியை வெட்டிவிட்டேன். இந்தத் தாளுக்கு முந்தின தாளை எழுதிவிட்டு எழுந்து போய், யோசிக்காமல் வெட்டினேன், தைத்தும் முடித்தேன். அரைக்கை. முழங்கைக்கு மேலேயே நிற்கும். உன் தோலை ஊருக்கெல்லாம் காட்டு என்று நான் சொல்லவில்லை, அது உன் இஷ்டம். கல்யாணத்தன்று முழுக்கைதான் வேண்டுமென்றால் கடையில் நூறு தொங்குகிறது, வாங்கிப் போட்டுக்கொள். என் மிஷினில் இனி அது ஓடாது. அங்கே ஒரு தோல் டாக்டரிடம் போ. இதயத்தையும் பார்க்கச் சொல். உடம்பில் அந்த அழற்சிப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உண்டாம், சி.ஆர்.பி. என்று டாக்டர் எழுதிக் காட்டினார். அது உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே சொல்லட்டும், நீ கேள். அப்பாவுக்கு எந்த வயதில் எப்படி ஆனது என்பதை மறைக்காமல் சொல். மணி சொன்னான், நீ இப்போது சிகரெட் பிடிக்கிறாயாம். அவனைத் திட்டாதே, நான்தான் குடைந்து கேட்டேன். அதை விட்டுவிடு. உனக்கு வந்தே தீரும் என்று எழுதவில்லை, தம்பி. வராமலே போகலாம். உன் அப்பா பார்த்திருக்க வேண்டிய நேரத்தில் நீயாவது பார் என்றுதான் எழுதுகிறேன்.

நீ கேட்ட முழுக்கைக்கு வேண்டிய துணி மீதியிருந்தது. எடுத்துவைத்தால் மனசு மாறி ஒட்டுப்போட்டுவிடுவேன் என்று பயந்து, அதில் ஒரு பை தைத்து, கயிறு கோத்துச் சட்டையோடு மடித்து வைத்திருக்கிறேன். உன் பரிசோதனைக் காகிதங்களை அதில் போட்டு எடுத்துக்கொண்டு வா. பை காலியாக வந்தால், பவித்ராவிடம் நீ சொல்லாமல் வந்தால், பந்தக்கால் நடுவதற்கு முன்னால் நானே பஸ் ஏறிப்போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும். என்னோடு பேசாதே, வருஷக்கணக்காகப் பேசாமல் இரு. அப்படிப் பேசாமல் இருப்பதற்கும் நீ இருக்க வேண்டும், தம்பி.